இயந்திரமா, கோப்பிப் பையா, பித்தளை ஃபில்டரா?

போன மாதம் கடையிலிருந்த எஸ்பிரெசோ இயந்திரத்தை விற்றுவிட்டேன். இரண்டு கைப்பிடி வைத்த இத்தாலிய இயந்திரம். 2022 மார்ச்சில் 16,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். அதுவும் இன்னொருவர் ஓராண்டு ஓட்டியது. மூன்றரை ஆண்டு கழித்துக் கைக்கு வந்தது 5,500 வெள்ளி. தூக்கிக்கொண்டு போக வந்த இரண்டு பையன்களுக்கும் ஃபில்டர் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒருவன் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தான். மனசு கொஞ்சம் ஆறியது.

அதற்குப் பிறகு, சின்னதாக ஒரு கடை போட நினைக்கும் மூன்று பேர் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: எதில் காப்பி போடுவது, இயந்திரத்திலா, தூளைத் துணியில் வடிக்கும் கோப்பிப் பையிலா, ஃபில்டரிலா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் என் கடையைப் பற்றி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் ஸ்காட் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கீழ்த்தளத்தில், 28 நாற்காலி. காலையில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் பேப்பரோடு வருவார்கள். பிற்பகலில் பக்கத்து மசாஜ் நிலையங்களில் வேலை செய்யும் பார்வையற்ற நண்பர்கள். மாலையில் நடன வகுப்பு முடியும்வரை காத்திருக்கும் அம்மாக்கள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வாசகர் வட்டம். பெயர்தான் வாசகர் வட்டம், பாதி நேரம் குடும்ப வழக்குதான் நடக்கும். ஆட்கள் வந்து உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்றுதான் கடையே ஆரம்பித்தேன். கீழே எழுதுவதெல்லாம் அப்படிப்பட்ட கடைக்கு மட்டுமே பொருந்தும்.

ருசியைப் பற்றிச் சண்டை வேண்டாம். மூன்றுமே சரியாகப் போட்டால் நன்றாக இருக்கும், தப்பாகப் போட்டால் மூன்றுமே கஷாயம். முதலீட்டையும் ஒரு வரியில் முடித்துவிடலாம்: கோப்பிப் பையும் நீள மூக்குக் குவளைகளும் 200 வெள்ளிக்குள் அடங்கும், கும்பகோணத்திலிருந்து உறவினர் சுமந்து வந்த பெரிய பித்தளை ஃபில்டர், இன்னொரு எவர்சில்வர் ஃபில்டர், பால் பாத்திரங்கள் எல்லாம் சேர்த்து எனக்கு 1,200 ஆயின, இயந்திரத்தின் கதை மேலே இருக்கிறது.

கோப்பிப் பையிலிருந்து தொடங்குகிறேன். இந்த நாட்டில் கோப்பி என்றால் ஒன்று, காப்பி என்றால் வேறொன்று என்பது என் கட்சி. ஹைனான் சீனர்கள் கடைகளில் வளர்த்தெடுத்த கோப்பிக்கு, கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுப்பார்கள். ஜொகூரில் விளையும் லைபீரிக்கா கொட்டையும் ரொபஸ்டாவும்தான் அதற்குத் தோது. தூளை ஃபிளானல் பையில் போட்டு, கொதிநீரை ஊற்றி, ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு மாற்றி மாற்றி வடித்தால் அந்தத் தார் நிறம் வரும். அதில் கெட்டிப்பால் ஊற்றினால் கோப்பி, சர்க்கரை மட்டும் போட்டால் கோப்பி ஓ, ஆவிப்பாலும் (நீர் சுண்டவைத்த, இனிப்பில்லாத பால்) சர்க்கரையும் சேர்ந்தால் கோப்பி சி. பராமரிப்பு என்று பார்த்தால், புதுப் பையை ஒருமுறை கொதிக்க வைக்க வேண்டும், தினமும் அலசித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். காயவிட்டால் பழைய எண்ணெய் வாடை ஏறிவிடும். சில வாரத்துக்கொரு முறை பையை மாற்றினால் போதும்.

இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் முதலிடத்தில் வைக்காமல் ஃபில்டருக்கு அந்த இடத்தைக் கொடுத்தேன்? என் கை சரியில்லை, அதுதான் காரணம். ஈப்போவில் ஒரு கோப்பிக் கடையில் முப்பது ஆண்டு நின்ற ஒரு பெரியவரிடம் மூன்று மாதம் கற்றுக்கொண்டேன். “அம்மா, நீங்கள் தண்ணீர் ஊற்றும்போது பயப்படுகிறீர்கள்” என்பார். இப்போதும் பயம்தான். கோப்பி ஓ மட்டும் பையில் வடித்துத் தருகிறேன். காலைக்கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது போதும். கை வந்தவர்கள் என் பேச்சைக் கேட்காமல் இதையே முதலிடத்தில் வைக்கலாம்.

இயந்திரத்துக்கு வருவோம். ஒன்பது பார் அழுத்தத்தில், 18 கிராம் தூளுக்குள், முப்பது விநாடிக்குள் சாற்றைப் பிழியும் அந்த வேலை அழகானது, மறுக்கவில்லை. பால் நுரையில் இலை வரைந்து கொடுத்தால் பிள்ளைகள் படம் எடுப்பார்கள். ஒரு லாத்தே 11 வெள்ளி. ஃபில்டர் காப்பி நாலரை வெள்ளி. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வாங்கினேன். என் இடத்தில் யார் இருந்தாலும் வாங்கியிருப்பார்கள்.

நான் போடாத கணக்கு ஒன்று இருந்தது. அந்த இயந்திரம் காசைவிட அதிகமாகக் கேட்டது கடைக்காரியின் கவனத்தை. ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு ஏற்றிவிட்டால் சூடாக அரை மணி நேரம். அப்புறம் அரைப்பானைச் சரிசெய்ய வேண்டும். நேற்று சரியாக விழுந்த காப்பி, இன்று மழை ஈரத்தில் நாற்பது விநாடி இழுக்கும். பல்லை ஒரு சொட்டு தளர்த்தி, இரண்டு ஷாட் கொட்டி, மூன்றாவதைக் குடித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காப்பிக்கும் தட்டுவது, துடைப்பது, நீராவிக் குழாயைப் பால் காய்வதற்குள் ஈரத்துணியால் வழிப்பது. இரவு, அடைப்புத் தட்டைப் போட்டுச் சோப்புத் தூளால் உள்ளே அலசுவது. ஆண்டுக்கு இரண்டு முறை ரப்பர் வளையம் மாற்றுவது, அரைப்பானின் பல்லை மாற்றுவது. ஒருநாள் விட்டால் மறுநாள் கசப்பு. ஒருவாரம் விட்டால் பழுது.

பழுது வந்தால் அடுத்த கூத்து. நம்மூர் ஸ்டவ் ரிப்பேர்காரர் இதைத் தொட மாட்டார். அதற்கென்று ஆள் உண்டு, அவர் ஷா ஆலாமிலிருந்து வர வேண்டும், வந்தாலே 180 வெள்ளி, பாகம் இல்லையென்றால் இரண்டு வாரம். 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் பம்ப் நின்றுவிட்டது. பதினொரு நாள் கடையின் நடுவில் ஒரு பளபளப்பான பிணம் படுத்திருந்தது. அந்தப் பதினொரு நாளும் ஃபில்டரில்தான் ஓட்டினோம். என் மனம் மாற ஆரம்பித்தது அங்கேதான் என்று இப்போது தோன்றுகிறது.

தண்ணீர் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்த் தடை நமக்குப் புதிதா? 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆற்றில் மாசு கலந்ததும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது. குழாயோடு பொருத்திய இயந்திரம் அப்போது சும்மா நிற்கும். தண்ணீர் திரும்பி வந்த முதல் நாள் செம்மண் கரைசல் வரும். அதை உள்ளே விட்டால் தொலைந்தோம். ஃபில்டருக்கு இரண்டு குடம் பிடித்து வைத்திருந்தால் காலைக்கூட்டம் வழக்கம்போல நடக்கும்.

ஆனாலும் பழுதும் தண்ணீரும் பணத்தால் சமாளிக்கக்கூடியவை. என்னால் சமாளிக்க முடியாதது, நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது. இயந்திரம் சுவரோரம் இருந்தது, ஆகவே நானும் சுவரைப் பார்த்தே நின்றேன். உள்ளே யார் வந்தார், யார் முகம் வாடியிருக்கிறது, யார் பாதி கோப்பையோடு அரை மணி நேரமாகத் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. சனிக்கிழமை யாராவது கதை படித்துக்கொண்டிருக்கும்போது பாலில் நீராவி பீறிட்டால் படிப்பவர் நிறுத்திக் காத்திருப்பார். இரண்டு மணி நேரத்தில் இருபது முறை நிறுத்துவார்.

பார்வையற்ற நண்பர் ஒருவர் எப்போதும் கடைசி மேசையில்தான் உட்காருவார். விசிறி காற்றுக்காக என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டபோது சொன்னார்: “அக்கா, அந்த இயந்திரம் கத்தும்போது யார் உள்ளே வந்தார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை.” காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுபவர் அவர். கூடிப் பேச இடம் என்று பெயர் வைத்துவிட்டு, அவருக்கு வாசலை மூடி வைத்திருந்தேன்.

காப்பி போட ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வைத்தேன். பயிற்சி பெற்ற பிள்ளை, மாதம் 2,600 வெள்ளி. குறைந்தபட்ச ஊதியமே 1,700 ஆகிவிட்டது, எங்களைப் போல ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள கடைகளுக்கும் 2025 ஆகஸ்டிலிருந்து அதுதான். கைத்தொழில் தெரிந்தவரிடம் அதைவிடக் கூடுதலாகத்தான் பேச முடியும். அந்தப் பிள்ளை எட்டு மாதத்தில் பெரிய கடைக்குப் போய்விட்டாள். அடுத்தவன் ஐந்து மாதம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; என் கடையில் அவர்கள் ஏறிப்போக அடுத்த படி கிடையாது.

ஃபில்டரில் என்ன நடக்கிறது? ஐந்தே முக்காலுக்கு மேல் அடுக்கில் அரைக் கிலோ தூளைப் போட்டு, தட்டால் மெல்ல அழுத்தி, கொதி அடங்கிய நீரைச் சுற்றி ஊற்றி மூடிவிட்டு நாற்காலிகளை இறக்கப் போகிறேன். திரும்பி வரும்போது டிகாஷன் இறங்கியிருக்கும். ஏறத்தாழ அறுபது டம்ளருக்கு வரும். அதன்பின் ஒரு காப்பிக்கு என் வேலை, பாலும் டிகாஷனும் கலந்து ஒரு ஆற்று ஆற்றுவதுதான், பத்து விநாடி. மேசைக்கு நானே கொண்டுபோகிறேன். போன இடத்தில் உட்கார்ந்தும் விடுகிறேன். காலை ஒன்பது மணிக்கு ரயில்வே ஐயாக்களின் மேசையில் எனக்கென்று இப்போது ஒரு நாற்காலி இருக்கிறது. செந்தூல் ரயில் பட்டறைக் கதைகளில் எது நடந்தது, எது கட்டியது என்றும் ஓரளவு பிடிபட்டுவிட்டது.

ஃபில்டருக்கும் குறை உண்டு. டிகாஷன் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, வாசனை இறங்கிவிடும். ஆகவே எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். முதல் மாதம் ஒரு சனிக்கிழமை ஐந்தரைக்கு, கடை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது தீர்ந்துவிட்டது. மறுபடி இறங்க அரை மணி நேரம். எல்லாருக்கும் மோர் கொடுத்துச் சமாளித்தேன். இப்போது நாலரைக்கே எவர்சில்வர் ஃபில்டரில் இன்னொரு ஈடு போட்டுவிடுகிறேன். பித்தளைக்கு உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். கோலாலம்பூரில் அதற்கு நல்ல ஆளை நான் கண்டுபிடிக்கவில்லை, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். புதிதாக வாங்குகிறவர்கள் நேராக எவர்சில்வர் வாங்கிவிடலாம். ருசியில் வித்தியாசம் உண்டு என்று மைத்துனர் சத்தியம் செய்கிறார். கண்ணை மூடிக் குடித்துப் பார்த்து நான் தோற்றுவிட்டேன்.

தூளில் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி. பலர் இதைக் கலப்படம் போலப் பேசுகிறார்கள். டிகாஷனுக்கு உடம்பு கொடுப்பது அதுதான். 2025 தொடக்கத்தில் நியூயார்க் சந்தையில் அராபிக்காக் காப்பிக் கொட்டை பவுண்டு நான்கு டாலரைத் தாண்டியபோது என்னைக் காப்பாற்றியதும் அதுதான்.

வரவு செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் இருந்தபோது நாளொன்றுக்கு 900 வெள்ளி விற்றது, இப்போது 740. மாதம் 26 நாளுக்கு 4,160 வெள்ளி குறைவு. ஆள் சம்பளம் 2,600, கொட்டை, பால், கோப்பை மூடி வகையில் ஏறத்தாழ 1,200, மின்சாரமும் பராமரிப்பும் சேர்ந்து 450 மிச்சம். கூட்டிப் பார்த்தால் தொண்ணூறு வெள்ளி முன்னே நிற்கிறேன். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையப் பக்கத்து அலுவலகங்களிலிருந்து மடிக்கணினியோடு வந்த இளைஞர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு பெண் மட்டும், “ஐஸ் லாத்தே இல்லையா ஆன்ட்டி?” என்று வாரம் ஒருமுறை கேட்டுவிட்டு, டிகாஷனில் ஐஸும் பாலும் போட்டுத் தருவதைக் குடிக்கிறாள்.

பொத்தானை அமுக்கினால் தானே எல்லாம் செய்யும் தானியங்கி இயந்திரம் ஒன்றை விற்பனையாளர் இரண்டு வாரம் பரீட்சைக்குக் கொடுத்தார். கவனம் அதிகம் கேட்கவில்லை, சத்தமும் குறைவு. பால் குழாயை மட்டும் தினமும் அலச வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தை வைத்து மூன்றாண்டு எப்படி உழைக்கும் என்று நான் சொன்னால் அது பொய். விலை என்னவோ 20,000 வெள்ளிக்கு மேல்.

கேட்டு வந்த மூன்று பேரில் ஒருவர் பங்சார் சவுத்தில், அலுவலகக் கட்டடத்தின் அடியில் கடை பிடித்திருக்கிறார். வாடிக்கையாளர் மூன்று நிமிடம்தான் நிற்பார், கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவரிடம் இயந்திரத்தையே வாங்கச் சொன்னேன். புதிதாக வாங்காதீர்கள், ஓராண்டு ஓடியதை வாங்குங்கள், பழுது பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று விலையைக் கேட்பதற்கு முன் கேளுங்கள் என்றும் சொன்னேன். மற்ற இருவருக்கும், ஒருவர் கிள்ளானில், ஒருவர் ராவாங்கில், எவர்சில்வர் ஃபில்டரின் அளவை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அரைப்பான் இன்னும் விற்கவில்லை. பல் மாற்றி நாலு மாதம்தான் ஆகிறது, 1,400 வெள்ளி. பேசிக் குறைக்கலாம், காப்பி இலவசம்.