2.0 ஜோடியா, 2.1 செட்டா, சவுண்ட்பாரா? மேசைக்குப் புது ஸ்பீக்கர்

கடையில் கேட்டதுமே ஆளை மயக்குவது, இரண்டு ஸ்பீக்கரோடு பாஸுக்கென்றே (தாழ்ந்த சுருதி ஒலி) ஒரு தனிப் பெட்டியான சப்வூஃபரும் வரும் 2.1 செட்தான். மானிட்டருக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ஸ்பீக்கரைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அதிர்வு புதிது. சப்வூஃபர் இல்லாத, இரண்டு ஸ்பீக்கர் மட்டுமே உள்ள 2.0 ஜோடி முதலில் சற்று ஒல்லியாகக் கேட்கும். ஒற்றை நீளப் பெட்டியான சவுண்ட்பார் பேச்சைத் தெளிவாகக் கொடுக்கும், ஆனால் ஒலி திரைக்கடியிலேயே தங்கிவிடும். இந்த முதல் எண்ணத்தை வைத்து முடிவெடுத்தால் பெரும்பாலும் தவறான பெட்டிதான் வீட்டுக்கு வரும்.

காரணம் எளிது. இரண்டில் எது ஒரு டெசிபெல் கூடுதலாகப் பாடுகிறதோ அதுவே காதுக்கு 'நல்லதாக'ப் படும். ஆகவே பிங்க் நாய்ஸை (எல்லாச் சுருதிகளும் கலந்த சீரான இரைச்சல்) ஓடவிட்டு, தலை இருக்கும் இடத்தில் போனைப் பிடித்து, ஒலி அளக்கும் செயலியில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். போனின் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே தேவை வித்தியாசம் மட்டுமே. அதன்பின் ஒரு ஆண் குரலையும், ஏறி இறங்கும் பாஸ் கிட்டார் வரிசையையும் போட்டுக் கேளுங்கள்.

2.1 செட்டின் சிக்கல் அங்கே வெளிப்படும். விலை குறைந்த செட்களில் பக்க ஸ்பீக்கர்கள் இரண்டு, இரண்டரை அங்குலம்தான். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவற்றால் சரியாக இறங்க முடியாது. அதனால் அதுவரை உள்ள பொறுப்பு முழுவதும் சப்வூஃபர் தலையில் விழுகிறது. ஆண் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால், குரலின் பாதி திரைக்கு முன்னாலிருந்தும் மீதி மேசைக்கு அடியிலிருந்தும் வரும். சுமார் 80 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் பாஸ் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியத் தொடங்கிவிடும். சப்வூஃபரை அறை மூலையில் தள்ளிவைத்தால் நிலைமை இன்னும் மோசம்: சுவர்கள் பாஸை ஊதிப் பெருக்கி, எல்லாச் சுரங்களையும் ஒரே 'டும்' ஆக்கிவிடும். மூலையை விட்டு விலக்கி, இரு பக்க ஸ்பீக்கருக்கும் நடுவே மேசைக்கு அடியில் முன்பக்கமாக வையுங்கள். பாஸ் குமிழை, சப்வூஃபர் தனியாகக் காதில் படாத இடம்வரை குறையுங்கள். இதைச் செய்த பிறகு சினிமாவுக்கும் கேமுக்கும் 2.1 நன்றாகவே ஈடுகொடுக்கும்.

அதே விலைக்கு மூன்றரை, நான்கு அங்குல வூஃபர் (கீழ்ச் சுருதிக்கான பெரிய ஒலித்தட்டு) கொண்ட, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் 2.0 ஜோடிதான் என் தேர்வு. பாட்டும் பேச்சும் அதிகம் கேட்பவருக்கு இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். ஆனால் இது வைக்கும் இடத்தைப் பொறுத்து உயரும், அல்லது சொதப்பும். ஸ்பீக்கரை நேரடியாக மேசைப் பலகையில் வைத்தால், பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி நேரொலியோடு மோதிக் குரலை மங்கலாக்கும், கீழ்ப்பகுதியையும் வீங்கவைக்கும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரத் தாங்கியில் ஏற்றி, மேசையின் முன் ஓரத்துக்குக் கொண்டுவந்து, ட்வீட்டர் (மேல் சுருதிக்கான சிறிய ஒலித்தட்டு) காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். பின்பக்கம் காற்றுத் துளை உள்ள வகையைச் சுவரோடு ஒட்டிவைக்காதீர்கள். இடம் இல்லையென்றால் துளையில் ஸ்பாஞ்சு அடையுங்கள், பாஸ் கொஞ்சம் குறைந்தாலும் இறுக்கமாகும்.

2.0 பற்றி வரும் இன்னொரு புகார் இரைச்சல். ட்வீட்டரில் காதை ஒட்டினால் மெல்லிய 'ஸ்ஸ்' கேட்பது இயல்பு, உட்காரும் இடத்திலும் கேட்டால்தான் குறை. 'உம்ம்' என்ற ரீங்காரம் வேறு வியாதி. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் அது கிரவுண்ட் லூப் (இரு கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி மின்னிரைச்சல் நுழைவது), ஸ்பீக்கரின் குறை அல்ல. கம்ப்யூட்டரிலும் ஸ்பீக்கரிலும், ஒளி வழியே ஒலியைக் கடத்தும் ஆப்டிகல் இணைப்பு இருந்தால் அதற்கு மாறுங்கள், மின்தொடர்பே அறுந்துவிடுவதால் லூப்புக்கு வழியில்லை. இல்லையென்றால் 3.5 மிமீ கேபிளின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போதும். குமிழை மிகக் குறைவாகத் திருப்பும்போது ஒலி ஒரு பக்கமாகச் சாய்கிறதா? மலிவான வால்யூம் குமிழ்களின் வழக்கம் அது. குமிழைப் பாதிவரை ஏற்றிவிட்டு, தினசரி அளவைக் கம்ப்யூட்டரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

சவுண்ட்பார், மேசையில் இடமே இல்லாதவர்களுக்கு. உள்ளே இரண்டு டிரைவருக்கும் (ஒலி எழுப்பும் தட்டு) இடையே 30 சென்டிமீட்டர் இருந்து, நீங்கள் 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், காதுக்குக் கிடைக்கும் கோணம் ஏறத்தாழ 28 டிகிரிதான். சமபக்க முக்கோணத்தில் அது 60. இந்தக் குறையை மறைக்க வரும் 'சரவுண்ட்' பொத்தானைப் பாட்டுக்கு அணைத்துவிடுங்கள், குரல் குழைந்துபோகும். யூஎஸ்பி மின்சாரத்தில் மட்டுமே ஓடும் வகையின் அட்டையில் பெரிய வாட் எண் இருந்தால் நம்பவேண்டாம்: சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், மொத்தம் இரண்டரை வாட்.

மூன்று வகையிலும் பல மாடல்களில் புளூடூத் உண்டு. வீடியோ செயலிகள் அதன் தாமதத்தைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும், கேமில் அது முடியாது. சுட்ட பிறகு சத்தம் வரும். கேமுக்குக் கேபிள்தான்.

'கொஞ்ச நாள் ஓடினால் ஸ்பீக்கர் பழுத்துவிடும்' என்று சொல்வதில் பெரும்பகுதி காது பழகுவதுதான். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை அதற்காகக் காத்திருக்காதீர்கள். 2.0 வாங்குவதென்றால் பின்பக்கம் 'சப் அவுட்' துளை இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ் போதவில்லை என்று பிறகு தோன்றினால், தனி சப்வூஃபரைச் சேர்த்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் அதற்குப் பிரித்துவிடலாம். குரல் முழுதும் முன்னாலேயே இருக்கும், அதிர்வு மட்டும் கீழிருந்து வரும்.