ஒரு கிரவுண்டில் இரண்டாவது வீடு: மனையைப் பிரிப்பதா, மாடி எழுப்புவதா?

சென்னையில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 40-க்கு 60 மனையை நீளவாக்கில் பிரித்தால் 20-க்கு 60 என இரண்டு துண்டு. இரண்டுக்கும் தெருமுகப்பு கிடைக்கும். குறுக்கே பிரித்தால் பின்மனைக்குத் தனிவழி விட வேண்டும், முன்மனை சுருங்கிவிடும்.

பிரிக்க நினைத்தால் முதலில் சர்வேயரை வைத்து அளந்து, பத்திரம், பட்டா, புலப்படம் (நில அளவைப் பதிவில் உள்ள மனையின் எல்லை வரைபடம்) மூன்றோடும் ஒப்பிடுங்கள். அளவு வேறுபட்டால் அதைச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை. அடுத்து உட்பிரிவு அனுமதி, பிறகு பத்திரப்பதிவு, கடைசியில் உட்பிரிவுப் பட்டா. பலர் பத்திரத்தை முதலில் எழுதிவிட்டு, கட்டட அனுமதி கேட்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொரு சிக்கல்: பழைய வீடு மனையின் நடுவில் இருந்தால், புதுக்கோடு அதன் பக்கவாட்டுக் காலியிடத்தைத் தின்றுவிடும், விதிப்படி இருந்த வீடே விதிமீறலாகிவிடும்.

மாடிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அஸ்திவாரமும் தூண்களும் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் சோதித்துச் சொல்லாமல் வரைபடம் போடாதீர்கள். நிலம் பிரிபடாத பங்காகவே இருக்கும், அதாவது எது யாருடையது என்று கோடு போடாமல் இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் பொதுவாக இருக்கும். பின்னாளில் இடித்துக் கட்ட இரு தரப்பும் ஒப்ப வேண்டும்.

வீடு ஒரு ஓரமாக இருந்தால் பிரிக்கலாம். நடுவில் இருந்து, தூண்களும் உறுதியாக இருந்தால் மாடியே மேல்.