ரிச்சி தெருவில் ஒரு சின்ன சர்வீஸ் கடை

ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பழையதாக வாங்கி என் கம்ப்யூட்டரில் நானே மாட்டினேன். ஃபேன் சுற்றியது, ஆனால் கம்ப்யூட்டரில் இருக்கும் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரே இல்லை. இரண்டு நாள் கார்டின் டிரைவர் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டிவிட்டு, கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கடை, இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும்.

கடைக்கார அண்ணன் டிரைவர் பக்கமே போகவில்லை. "ஃபேன் சுத்துதுன்னா கரண்ட் வருதுன்னுதான் அர்த்தம் தம்பி. ஸ்லாட்ல பேசணும்ல?" என்றார். கார்டுக்கு 125 வாட் வேண்டும், மதர்போர்டில் அதைச் செருகும் ஸ்லாட் 75 வாட்தான் தரும், மீதிக்குத்தான் அந்த 8 பின் கேபிள். அதைச் சரியாகவே மாட்டியிருந்தேன். கார்டை அவருடைய மதர்போர்டில் போட்டார், உடனே படம் வந்தது. அப்பாடா, காசு வீணாகவில்லை.

அப்புறம் டார்ச் அடித்துக் காட்டினார். கேபினெட்டின் பின்பக்கத் தகடு கார்டை லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தது, ஸ்லாட்டின் ஒரு முனையில் கார்டின் தங்கநிறப் பட்டை முழுதாக உள்ளே போகாமல் வெளியே தெரிந்தது. மதர்போர்டு திருகுகளைத் தளர்த்தி, நகர்த்தி, கார்டை அழுத்தினார். 'டிக்' என்று கிளிப் பூட்டிக்கொண்டது. இந்தச் சத்தத்தை வீட்டில் நான் கேட்கவே இல்லை!

300 ரூபாய் வாங்கினார். பில் கிடையாது, ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. வண்டி நிறுத்த இடம் தேடுவது தனிக் கொடுமை. ஐந்துக்கு நாலு தருகிறேன்.