மூன்று ஏ தரத்துச் சிட்கா ஸ்ப்ரூஸ்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பின் ஒரு பதில்

நான் சில ஆண்டுகளாகச் சிட்கா ஸ்ப்ரூஸ் (கிடாரின் மேற்பலகைக்கு ஆகும் ஓர் ஊசியிலை மரம்) வாங்கிவரும் விற்பனையாளர் உயர்தரப் பலகைகளின் விலையைக் குறைத்திருப்பதைக் கிடார் கட்டும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, பத்து ஜோடி வாங்கி இருப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். அதே விற்பனையாளரின் பலகையில் கட்டிய கிடார் ஒன்று, பிரிட்ஜ் (மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) தூக்கிக்கொண்டு பழுதுக்கு வந்து என் மேசையில் கிடக்கும் நேரம் பார்த்து அவர் கேட்டார். ஆகவே பதிலில் காரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். விற்பனையாளர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தவர் என்பது போதும், பெயர் வேண்டாம்.

பிரிட்ஜைக் கழற்றுவதிலிருந்தே சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜைச் சூடாக்கிப் பசை இளகியதும், மெல்லிய கத்தியைப் பின்விளிம்பில் நுழைத்துக் கழுத்துப் பக்கமாக மெதுவாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இடப் பாதியில் கத்தி பசைக்கோட்டிலேயே வழுக்கிக்கொண்டு போனது. நடு இணைப்பைத் தாண்டி வலப் பாதிக்கு வந்ததுமே அதன் நுனி தானாகக் கீழே இறங்கி மரத்துக்குள் நுழையப் பார்த்தது. கையில் அது தெரிந்து நிறுத்துவதற்குள் நகத்தளவு சிராய் ஒன்று எழும்பிவிட்டது. அந்தப் பாதியை எதிர்த்திசையில், கழுத்துப் பக்கத்திலிருந்து நுழைந்துதான் விடுவிக்க முடிந்தது. ஒரே பலகையின் இரண்டு பாதிகள் கத்திக்கு இரண்டு விதமாக வழிவிட்டதற்குக் காரணம், இத்தொழிலில் ரன்-அவுட் என்று அழைக்கப்படும் இழைச்சாய்வு.

மரத்தின் இழை பலகையின் முகத்துக்கு இணையாக முழு நீளமும் ஓடாமல், சாய்ந்து முகத்தைத் துளைத்து வெளியேறுவதே இழைச்சாய்வு. சரிவு இருபதுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால், அதாவது ஏறத்தாழ 3 பாகை, 3 மி.மீ. தடிமனுள்ள மேற்பலகையில் ஓர் இழையின் நீளம் வெறும் 6 செ.மீ.தான். மேற்பலகை செய்யும்போது அடுத்தடுத்து அறுத்த இரண்டு துண்டுகளைப் புத்தகம்போல் விரித்து ஒட்டுகிறோம். அப்போது ஒரு பாதியில் இழை கழுத்தை நோக்கி ஏறினால், மறு பாதியில் கழுத்தை நோக்கி இறங்கும். 3 பாகைச் சாய்வு இரண்டு பாதிகளுக்கும் இடையில் 6 பாகை வேறுபாடாகிவிடுகிறது. கத்தி உணர்ந்தது இதைத்தான். கண்ணும் இதைத்தான் உணர்கிறது: விளக்கு ஒரு பக்கத்திலிருந்து விழும்போது ஒரு பாதி வெளிறியும் மறு பாதி மங்கியும் தெரியும், கிடாரைத் திருப்பிப் பிடித்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். வார்னிஷ் பூசினால் இது மறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. மறையாது, கூடும். காலப்போக்கில் மரம் தேன் நிறத்துக்கு மாறினாலும் இது மாறுவதில்லை.

மூன்று ஏ என்று முத்திரை குத்தி வந்த பலகைகளில்தான் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

இந்த எழுத்துகளுக்குப் பின்னால் பொதுவான தரநிர்ணயம் எதுவும் கிடையாது. ஏ, இரண்டு ஏ, மூன்று ஏ, மாஸ்டர் என்பவை ஒவ்வொரு கடையும் தன் கண்ணை நம்பித் தானே இட்டுக்கொள்பவை. ஒரு கடையின் இரண்டு ஏ இன்னொரு கடையில் மாஸ்டராக விற்கக்கூடும். கண் எதைப் பார்க்கிறது? ஆண்டு வளையங்கள் நெருக்கமாகவும் சீராகவும் இருக்கின்றனவா, நிறம் ஒரே வெளிறலாக இருக்கிறதா, பழுப்புக் கோடுகளோ பிசின் பைகளோ இல்லாமல் இருக்கின்றனவா என்பவற்றை. இவற்றில் பிசின் பையை விலக்குவது நியாயம். மெருகிடும்போது அது தொல்லை கொடுக்கும். நிறக்கோடு வெளிச்சத்தில் சில ஆண்டுகளில் பெரும்பாலும் கரைந்துவிடும். அதற்காக விலையை இரண்டு மடங்காக்குவதை நான் ஏற்றதில்லை. இழைச்சாய்வோ அறுத்த பலகையின் கரடுமுரடான முகத்தில் தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எழுத்திட முடியாது என்பதால், எழுத்திடுபவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

அவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது என்பதில்லை. ஊசியிலை மரங்களின் இழை நேராக ஏறுவதில்லை. தண்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறுகிறது. அந்த முறுக்கும் நடுத்தண்டிலிருந்து பட்டைவரை ஒரே அளவில் இருப்பதில்லை; இளமரத்தில் ஒரு பக்கமாக இருப்பது வயதானபின் மறுபக்கமாகத் திரும்பிவிடுவதும் உண்டு. எனவே ஓர் ஆப்பு வடிவக் கட்டையை நேரான வாளால் அறுத்தால், பலகையின் ஒரு விளிம்பில் சாய்வு இல்லாமலும் எதிர் விளிம்பில் நிறையச் சாய்வுடனும் கிடைக்கும். இதைத் தவிர்க்க ஒரே வழி, கட்டையை முதலில் பிளந்து, பிளவு காட்டும் முகத்தை ஒட்டி வாளை வைப்பது. அப்படிச் செய்தால் முறுக்கிய பகுதி கழிவாகப் போகும், ஒரு கட்டையில் கிடைக்கும் ஜோடிகள் குறையும். பெரிய சிட்கா மரம் ஒன்றில் இது சிறிய தொகை அல்ல. அலாஸ்காவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் நூற்றாண்டுகளாக நின்ற மரங்கள்தாம் கிடார் அளவுக்கு அகலமான பலகை தருகின்றன என்னும்போது, ஒரு ஜோடியையும் இழக்க விரும்பாத அவர்களின் கணக்கு எனக்குப் புரிகிறது. புரிந்தாலும், அந்தக் கழிவை என் தலையில் கட்டி, அதற்கு மூன்று ஏ விலையும் வாங்குவதை ஏற்க முடியவில்லை.

நடுநிலையாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு, அவை குறைவில்லை. வந்த பலகைகள் எல்லாமே நன்றாக உலர்ந்தவை. ஆண்டு வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி குவார்ட்டர் வெட்டாக அறுக்கப்பட்டவை. பலகையின் குறுக்கே ஓடும் பட்டுமினுப்பு அதற்குச் சாட்சி. இது வெறும் அழகு அல்ல. ஸ்ப்ரூஸின் குறுக்கு விறைப்பு நெடுக்கு விறைப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வளையங்கள் செங்குத்திலிருந்து சாயச் சாய அது வேகமாகச் சரிந்து, 45 பாகை அருகில் மிகவும் பலவீனமாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் விற்பனையாளர் ஒருமுறையும் ஏமாற்றியதில்லை. தடிமனிலும் ஏற்ற இறக்கம் இல்லை. தட்டைப் பலகைகளுக்கு இடையில் வைத்துக் கட்டி அனுப்பியதால் ஒரு மூலைகூட உடைந்து வந்ததில்லை.

எடையும் விறைப்பும் மெச்சத்தக்கவையே. பலகை வந்ததும் எடை போட்டு அடர்த்தி பார்ப்பதும், தட்டி அதிர்வெண் பார்ப்பதும் என் வழக்கம். நீளத்தில் முனையிலிருந்து 22 சதவீதம் தள்ளி விரலிடுக்கில் தொங்கவிட்டு நடுவில் தட்டினால், நீளவாக்கில் வளையும் முதல் அதிர்வு கேட்கும். கைபேசியில் உள்ள அலைமாலைச் செயலி அதைக் காட்டிவிடும். சிட்காவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அடர்த்தி கன மீட்டருக்கு 425 கிலோ, நெடுக்கு விறைப்பு 11 கிகாபாஸ்கல். அந்தக் கணக்கில் 560 மி.மீ. நீளமும் 4.2 மி.மீ. தடிமனும் உள்ள பலகை 70 ஹெர்ட்ஸ் அருகில் ஒலிக்க வேண்டும். இவரிடம் வாங்கியவை அந்த அளவிலோ சற்று மேலேயோ ஒலித்தன. 3 பாகைச் சாய்வு நெடுக்கு விறைப்பில் சில சதவீதத்தை மட்டுமே தின்னும். அந்த இழப்பைத் தடிமனில் ஒரு கீற்றுக் கூட்டி ஈடுகட்டிவிடலாம், ஏனென்றால் வளைவு விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. ஆகவே, இந்தக் கிடார்கள் நன்றாக ஒலிக்கின்றன. பழுதுக்கு வந்திருப்பதும் நன்றாகவே ஒலித்தது. உரிமையாளருக்கு அதன் ஒலியைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

பிரிட்ஜ் தூக்கிக்கொண்டதற்குப் பழி முழுவதையும் சாய்வின் மேல் போடுவதும் சரியல்ல. உலோகக் கம்பிகள் சுமார் 70 கிலோ விசையில் பிரிட்ஜை ஓயாமல் முன்னே இழுக்கின்றன. குளிர்காலத்தில் சூடேற்றிய அறையில் ஈரப்பதம் விழுந்து மேற்பலகை சுருங்குகிறது. எந்த மரமானாலும் பின்விளிம்பு பிடிப்பைத் தளர்த்தப் பார்க்கும். ஆனால் பிரிந்த பிரிட்ஜின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன்: ஒரு பாதியில் பசை மட்டும் இருக்கிறது, மறு பாதியில் மேற்பலகையின் இழைகள் பிய்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. பசை தோற்கவில்லை, மரம் தோற்றிருக்கிறது. மேற்பரப்பில் முடிந்துவிடும் குட்டை இழைகள் பின்விளிம்பில் சிராயாகக் கிளம்ப இடம் கிடைத்திருக்கிறது. பழையபடி பிரிட்ஜை ஒட்டுவதற்கு முன் அந்தச் சிராய்களைப் படிய வைக்க வேண்டிய வேலை இப்போது எனக்கு.

இந்த எரிச்சலுக்கு நடுவில் எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் கிடைத்தது. அது மூன்று ஏ வழியாக வரவில்லை. வேறொரு சிறிய விற்பனையாளரிடம், அடிரொண்டாக் என்று கிடார் உலகம் அழைக்கும் சிவப்பு ஸ்ப்ரூஸில் மலிவான ஏ தரப் பலகைகள் சிலவற்றை, பயிற்சிக்கு ஆகட்டும் என்று வாங்கியிருந்தேன். 1940-களின் நடுப்பகுதி வரை மார்ட்டின் நிறுவனம் தன் கிடார்களுக்குப் பயன்படுத்திய மரம் இது. பெரிய மரங்கள் வெட்டித் தீர்ந்தபின் அவர்கள் சிட்காவுக்கு மாறினார்கள். இப்போது கிடைக்கும் மரங்கள் சிறியவை, ஆகவே பலகையில் வளையங்கள் அகலமாகவும் ஒழுங்கற்றும் இருக்கும், விளிம்பில் பழுப்புப் பட்டை இருக்கும். எனக்கு வந்தவற்றில் இவை எல்லாம் இருந்தன. கூடவே, ஒரு விளிம்பில் வாள் படாத பிளந்த முகத்தை அப்படியே விட்டிருந்தார்கள். அது நெடுகப் பளபளவென்று ஒரே தளத்தில் ஓடியது. இரண்டு பாதிகளையும் ஒட்டி இழைப்புளியைப் போட்டபோது, ஒரே திசையில் இரண்டிலும் முழுநீளச் சீவல் சுருண்டு வந்தது. மூன்று ஏ சிட்காவில் ஒரு பாதியை இங்கிருந்தும் மறு பாதியை அங்கிருந்தும் சீவிப் பழகிய கைக்கு அது எப்படி இருந்தது என்பது இந்த வேலை செய்பவர்களுக்குப் புரியும். தட்டிப் பார்த்ததில் அதிர்வெண்ணும் சிட்காவுக்குக் குறையவில்லை. விலை மூன்றில் ஒரு பங்கு.

இத்தாலியப் பலகைக்கு மாறலாமா என்றும் நண்பர் கேட்டிருந்தார். டிரென்டினோ மலைக்காடுகளின் ஸ்ப்ரூஸ் இலகுவானது, நல்ல மரம். ஆனால் 2018 அக்டோபர் இறுதியில் வீசிய வாயா புயல் அங்கே லட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. காற்றில் முறிந்து விழும் மரத்தில், கண்ணுக்குத் தெரியாத குறுக்கு நொறுங்கல்கள் இழைக்குள் இருக்கலாம்; வெளிறிய நிறத்தையும் நெருங்கிய வளையத்தையும் பார்த்து இடப்படும் எழுத்து அவற்றையும் சொல்லாது. அங்கிருந்து வாங்கினால் விழுந்த மரமா, வெட்டிய மரமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்பெயினின் கிடார் கட்டுநர் டோரஸ் 1862-இல் பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழில் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸில் வைத்து ஒரு கிடார் கட்டினார். மேற்பலகைக்கு எவ்வளவு செலவழித்தாலும் தகும் என்று வாதிடுபவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். எனக்கும் உடன்பாடுதான். செலவு எதற்கு என்பதில்தான் வேறுபடுகிறேன்.

இனி நண்பருக்கான பதில். உலர்வு, வெட்டு, எடை, விறைப்பு, ஒலி என்று மதிப்பெண் போட்டால் இந்த விற்பனையாளர் ஐந்திலும் தேறிவிடுவார், தள்ளுபடி விலையில் லாபமும்கூட. ஆனாலும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசையில் கிடக்கும் சிராயைப் பார்த்துச் சொல்கிறேன். அப்படியும் வாங்கியே தீர வேண்டுமென்றால், பிளந்த கட்டையில் எடுத்ததா என்று முதலில் கேளுங்கள்; ஜோடியின் முகத்தைச் சற்றே சீவிவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்து, இரண்டு முனைகளிலிருந்தும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விலை பாதியானாலும் விட்டுவிடலாம். அவரிடம், மேற்பலகைக்கு அடியில் தாங்கலாக ஒட்டும் பிரேஸ் கட்டைகளை மட்டும் தாராளமாக வாங்கலாம். அவற்றைப் பிளந்துதான் எடுக்கிறார், நான் வாங்கியவற்றில் சாய்வு என்பதே இல்லை, என் அடுத்த ஆர்டரும் அதற்குத்தான்.