கத்திரி வெயிலில் தட்சிணசித்ரா: எந்த வீட்டுத் திண்ணை உட்காரத் தோது?

மே மாதத்தில் தட்சிணசித்ராவா, மண்டை காய்ந்துவிடும், டிசம்பரில் போங்கள் என்று எங்கள் அபார்ட்மென்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் நேர்மாறாகச் சொல்கிறேன். போவதென்றால் கத்திரி வெயிலில்தான் போக வேண்டும். டிசம்பரில் அங்கே இருக்கும் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும், போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். எந்த வீட்டைக் கட்டியவனுக்கு வெயிலைப் பற்றித் தெரிந்திருந்தது என்பது மே மாதம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் புரியும்.

தெரியாதவர்களுக்கு: கிழக்குக் கடற்கரைச் சாலையில் (இசிஆர்) முட்டுக்காட்டில் இருக்கிறது. சென்னையிலிருந்து 25 கிலோமீட்டர் சொல்லலாம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று தென் மாநிலங்களின் பழைய வீடுகளை அந்தந்த ஊரிலிருந்தே விலைக்கு வாங்கி, தூண், கதவு, உத்திரம் எல்லாவற்றையும் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். சில மட்டும் அந்த ஊர் மாதிரியில் புதிதாகக் கட்டியவை. டெபோரா தியாகராஜன் என்ற அமெரிக்கப் பெண்மணி தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன்தான் இதை நடத்துகிறது. திறந்தது 1996 டிசம்பரில். வளாகத்தின் முதல் வரைபடம் போட்டவர் லாரி பேக்கர். கேரளத்தில் சிக்கனமாகவும் காற்றோட்டமாகவும் வீடு கட்டிப் பேர் வாங்கினாரே, அவரேதான். வீடுகளுக்கு நடுவில் மரத்தை விட்டுவைத்துப் பாதையை வளைத்திருப்பதைப் பார்த்தாலே அவர் கை தெரியும்.

நாங்கள் போனது ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், ஏழாவது படிக்கும் மகன், மூன்றாவது படிக்கும் மகள், நீடாமங்கலத்துப் பக்கத்திலிருந்து லீவுக்கு வந்திருந்த என் மாமியார். பையனுக்கு தீம் பார்க் போக ஆசை. அத்தைக்கு முட்டி வலி, தண்ணீர்ச் சறுக்கலை வேடிக்கை பார்க்க அவரை எதற்கு வெயிலில் உட்கார வைப்பது? அதனால் இது. "பழைய வூட்டப் பாக்கவா காசு குடுத்துப் போறீங்க? நம்மூருல சும்மாவே கெடக்குதே" என்று காரில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வந்து, அக்கரையில் இசிஆர் பிடித்து, உத்தண்டி டோலைத் தாண்டும்வரை அதே பேச்சு.

காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ஏனென்றால் வீட்டுக்குள் நிழல் உண்டே தவிர, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கிற பாதையில் பாதி வெட்டவெளி. அதனால் வெளியில் நின்று பார்க்க வேண்டியதை எல்லாம் முதலிலேயே முடித்துவிட்டோம். ஐயனார் கோயிலும் மண் குதிரைகளும் காலை வெயிலிலேயே பார்க்க நன்றாக இருந்தன. மகள் குதிரையின் பல்லை எண்ணிக்கொண்டு நின்றாள். பதினொன்றரைக்கு மேல் வீடுகள்.

இனி நான் மார்க் போடுவது அழகுக்கு இல்லை. உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வியர்வை அடங்குகிறதா இல்லையா, அதற்கு மட்டும்தான்.

முதல் இடம் எனக்குச் சந்தேகமே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஆம்பூரிலிருந்து வந்த அக்கிரகார வீடு. வெளியிலிருந்து பார்த்தால் அகலமே இல்லை, என்னடா இது ரயில் பெட்டி என்று தோன்றும். ஆனால் திண்ணை, ரேழி (வாசலிலிருந்து கூடத்துக்குப் போகும் நடை), கூடம், முற்றம், அடுக்களை என்று நீளமாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். சூட்சுமம் அந்தக் குறுகலில்தான். அக்கிரகாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும். இரண்டு பக்கச் சுவரிலும் வெயில் படவே வழியில்லை. முன்னாலும் பின்னாலும் மட்டும்தான் சூரியன் எட்டிப் பார்க்க முடியும். நடுவில் முற்றம் திறந்து கிடக்கிறது, சூடான காற்று அது வழியாக மேலே போய்விட, தெருவாசல் பக்கத்திலிருந்து காற்று உள்ளே இழுபடும். பாடப் புத்தகத்தில் படித்தது என்று வீட்டுக்காரர் விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை அதற்குள் ரேழியில் முந்தானையை விரித்துப் படுத்தே விட்டார். ரேழியில் ஓடிவரும் காற்று முகத்தில் படுகிறது, அவருடைய நரைமுடி ஒரு பக்கமாகவே பறக்கிறது. மின்விசிறியே வேண்டியதில்லை. அதன் பிறகு அவரை எழுப்பி நகர்த்துவதுதான் அன்றைக்கு எங்களுக்குப் பெரிய வேலை.

இரண்டாவது இடம் கொடுப்பது ஆந்திரக் கடலோரத்து வட்ட வீட்டுக்கு. விசாகப்பட்டினம் பக்கத்து ஹரிபுரத்தில் இருக்கும் வீடுகளின் மாதிரி. கூரை, கவிழ்த்துப் போட்ட கூடை மாதிரி தரைக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் இறங்கியிருக்கும். குனியாமல் உள்ளே போக முடியாது. என் வீட்டுக்காரர் ஆறடி, நெற்றியில் ஒரு இடி வாங்கிக்கொண்டுதான் போனார். மூலையே இல்லாத சுவரும் தாழ்ந்த கூரையும் புயல் காற்றுக்காக. காற்று மோதிப் பிடித்துக்கொள்ள மூலை கிடைக்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். புயலுக்குக் கட்டியது வெயிலுக்கும் உதவுகிறது. கூரை அவ்வளவு தாழ இருப்பதால் சுவர்மேல் வெயில் விழவே விழாது. உள்ளே போனதும் கண் ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாமல் இருட்டிக்கொண்டு வரும், அப்புறம் மெதுவாகச் சுவர் தெரியும். கையை வைத்துப் பார்த்தேன், மண்சுவர் மத்தியானத்திலும் சில்லென்று இருந்தது. தடிமனான மண்சுவர் வெளியே வாங்கிய சூட்டை உள்ளே கடத்துவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். "சாணி போட்டு மொழுவுன தரையில படுத்துப் பாரு, கோடையின்னே தெரியாது" என்று அத்தை. மகன் போனை எடுத்து வெப்பநிலை பார்த்தான். போன் என்னவோ ஊருக்கான கணக்கைத்தான் காட்டியது, அந்த அறைக்கான கணக்கு அதற்கு எங்கே தெரியும்?

ஒரே குறை, வட்ட வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தால் காற்றுக்கு இடமில்லை. இரண்டு பேருக்கு நல்ல வீடு.

கேரளா பக்கம் நான் நிறைய எதிர்பார்த்துப் போனேன். கோட்டயம் பக்கம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்து வீடு, 1850ஆம் வருஷத்துக் கட்டுமானம். சுவரே மரம். மரவேலைக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் அது மழைக்குக் கட்டிய வீடு. கூரை செங்குத்தாக இறங்குவது தண்ணீர் நிற்காமல் ஓட, தாழ்வாரம் நீள்வது சாரல் மரத்தில் படாமல் இருக்க. நம் கடலோரத்துப் புழுக்கத்தில் மர அறைக்குள் நின்றால் மூச்சு முட்டுகிறது. தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் மட்டும் நன்றாக இருந்தது. அத்தைக்குப் பிடித்தது வேறு. வீட்டுக்குள் நுழைந்தால் நேர் எதிரே நெல் அறை. "பாத்தியா, சாமி ரூமு மாரி நடுவுல வச்சிருக்கான் நெல்ல. நம்மூட்டுப் பத்தாயத்த ஒங்க மாமா மூலையில தள்ளி வச்சாரு" என்று இறந்துபோன மாமாவுக்கு ஒரு திட்டு விழுந்தது.

கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு கல்லால் கட்டியது. மொட்டை மாடி, ஜன்னல் அதிகமில்லை. பாகல்கோட்டை பக்கம் வறண்ட வெயில், அங்கே இந்தக் கல் வேலை செய்யும். பகலில் வாங்கும் சூட்டைக் குளிர்ந்த ராத்திரி எடுத்துக்கொள்ளும். முட்டுக்காட்டு ராத்திரி எங்கே குளிர்கிறது? ஆனாலும் குழித்தறியைப் பார்க்க அங்கே போய்த்தான் ஆக வேண்டும். நெய்கிறவர் தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டுக்கொண்டு, தரைமட்டத்தில் உட்கார்ந்து நெய்வார். கால் மட்டுமாவது குளிர்ச்சியில் இருக்கும் என்றான் மகன். அன்றைக்கு அவன் பேசியதில் அதுதான் உருப்படி.

நல்கொண்டா இக்கத் நெசவாளர் வீடும் இருக்கிறது. நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் முக்கி, அதற்குப் பிறகு தறியில் ஏற்றும் வேலை. அந்த ஊர் 2014லிருந்து தெலங்கானா ஆகிவிட்டது, வீடு அதற்கு முன்னாலேயே ஆந்திரா பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

செட்டிநாட்டு வீட்டை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். கதவு வேலைப்பாட்டுக்கு ஆடலாம்தான். அந்தக் கதவின் முன்னால் போட்டோ எடுக்க வரிசையே நின்றது. நான் உட்கார்ந்த அளவில் தூண் வைத்த திண்ணை பரவாயில்லை, அக்கிரகாரத்து ரேழிக்கு ஈடில்லை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி வீட்டைப் பற்றி நான் நடுநிலையாக எழுத முடியாது. அத்தை அங்கே போனதும் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், தூணைத் தடவினார், பிறகு பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அறுப்பு நாளில் யார் எங்கே உட்காருவார்கள், களத்திலிருந்து மூட்டை எந்த வாசல் வழியாக வரும், வேலையாட்களுக்கு எங்கே சாப்பாடு என்று அரைமணி நேரம் சொன்னார். பக்கத்தில் நின்ற இன்னொரு குடும்பத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்துகொண்டன. வேலையாட்களை ஏன் உள்ளே விடவில்லை என்று அதில் ஒரு பெண் கேட்டது. "அப்ப அப்படித்தான் பாப்பா. தப்புதான்" என்றார். போர்டில் எழுதியிருப்பதை எத்தனை பேர் படிக்கிறார்கள்? வீட்டில் அப்பாயியோ தாத்தாவோ இருந்தால் முட்டி வலி என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். மெதுவாக நடந்தாலும் போதும், வீட்டுக்கு வீடு உட்கார இடமிருக்கிறது.

பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மண்பானை செய்யும் சக்கரம் இருக்கிறது. பானை செய்பவர் மகளின் கையைப் பிடித்து ஈரக் களிமண்மேல் வைத்தார். கட்டைவிரலை நடுவில் அழுத்தியதும் குழி விழுந்து, சுவர் தானாக எழும்பி வந்தது. விரலைக் கொஞ்சம் வெளியே சாய்த்தாள், அவ்வளவுதான், ஒரு பக்கம் துவண்டு சரிந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே நூலால் அடியை அறுத்து எடுத்து, அந்தக் கோணல் கிண்ணத்தையே அவள் கையில் கொடுத்தார். முழங்கை வரை சேறு, அவளுக்கு அன்றைக்கு வெயிலே தெரியவில்லை. பனை ஓலையில் கிலுகிலுப்பை, வெட்டுக்கிளி பின்னுகிறவர்களும் உண்டு. விடுமுறை நாட்களில் கிராமியக் கலை நிகழ்ச்சி ஏதாவது நடக்கும், நுழைவாயிலிலேயே நேரம் கேட்டுக்கொண்டு அதற்கேற்ப வீடுகளைச் சுற்றுங்கள். ஏழாவது படிக்கிற பையன்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. எங்கள் பையன் மூன்றாவது வீட்டிலேயே "இன்னும் எத்தனை வீடும்மா?" என்று கேட்டுவிட்டான். அவனிடம் வெப்பமானி ஒன்றைக் கொடுத்து வீடு வீடாக அளக்கச் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டான். நீங்கள் போகும்போது ஒன்று எடுத்துப் போங்கள், மருந்துக்கடையில் விற்கும் அறை வெப்பமானி போதும்.

கடற்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே மாதத்தில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று இறங்க ரொம்ப நேரமாகும், அன்றைக்குத்தான் சென்னை வெந்து போகும். காலையிலேயே மரத்து இலை கடல் பக்கமாகச் சாய்ந்து வீசுகிறதென்றால் அன்றைக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகாமல் இருப்பது நல்லது. கடற்காற்று மத்தியானமே இறங்கிவிடும் நாளில் திண்ணைகள் எல்லாம் சொர்க்கம்.

சாப்பாட்டுக்கு வெளியே வந்து இசிஆரில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். பேர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் போனால் டோக்கன் கொடுத்து முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள், உட்கார்ந்த பிறகு சாம்பார் தீர்ந்துவிட்டது என்றார்கள். அந்த ரோட்டில் வார இறுதி மத்தியானம் எந்த ஓட்டலிலும் இதுதான் நிலைமை. ஒன்று பன்னிரண்டரைக்குள் சாப்பிடுங்கள், இல்லையென்றால் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்க் காரிலேயே வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். தயிர்சாதம் வேண்டாம், இந்தச் சூட்டில் பதினொரு மணிக்கே புளித்துவிடும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதாது, குறைந்தது இரண்டு வையுங்கள்.

ஒரே நாளில் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். ரோமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கிய இடம், அதே ரோட்டில் இன்னும் தெற்கே. குளிர்காலத்தில் முடியும். கோடையில் வயதானவர்களோடு முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை. லீவில் வாரநாளில் போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கார் இல்லாதவர்கள் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறிக்கொண்டு, தட்சிணசித்ரா என்று கண்டக்டரிடம் சொன்னால் இறக்கிவிடுவார்.