ஏரியில் பாசியின் உற்பத்தியைப் பல ஆண்டு அளக்க எது நல்லது: பாட்டிலா, சென்சாரா, செயற்கைக்கோளா?

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியில் நுண்பாசிகளின் உற்பத்தியை, அதாவது வெயிலை வைத்து அவை எவ்வளவு விளைகின்றன என்பதை, ஆண்டுக்கணக்கில் பதிவு செய்வது என்று எங்கள் கல்லூரிக் குழு முடிவெடுத்தபோது மூன்று வழிகள் இருந்தன: செயற்கைக்கோள் படம், தண்ணீரிலேயே விட்டுவைக்கும் சென்சார், பழைய வெளிச்ச-இருட்டு பாட்டில். நாங்கள் பாட்டிலை எடுத்தோம். ஊசுடு ஏரியிலோ பெருமாள் ஏரியிலோ யாராவது தொடங்க நினைத்தால் அவர்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

இந்தக் கேள்வி அணைத் தேக்கங்களுக்கும் உண்டு. கடலூர்ப் பக்கம் நீர்மின் அணை கிடையாது. ஆனால் மேட்டூரில் மின்சாரம் தந்து இறங்கும் காவிரித் தண்ணீர்தான் கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக வீராணத்துக்கு வருகிறது. மேலே தேக்கத்தில் நடப்பது கீழே உள்ள எங்களுக்கும் சம்பந்தமுள்ள விஷயம்.

செயற்கைக்கோள் இலவசம், ஏரி முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும் நேரத்தில் மேகம் மறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன என்பது பெரிய ஈர்ப்புதான். ஆனால் கலங்கல் நீரில் பச்சையத்தைப் பிரித்தறிய உதவும் 705 நானோமீட்டர் ஒளிப் பட்டை அவற்றில் இல்லை. 2015-இல் ஏவப்பட்ட ஐரோப்பிய செயற்கைக்கோள் சென்டினல்-2இல் அது இருக்கிறது. ஆக, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே கோட்டில் சேர்க்கும் இடத்திலேயே சிக்கல் வருகிறது.

சென்சார் இரவும் பகலும் அளக்கும். அதில் ஆள் செலவு குறைவு. ஆனால் பச்சைய சென்சார் காட்டுவது பாசி எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான். எவ்வளவு விளைகிறது என்பதை அது சொல்லாது. போதாக்குறைக்கு, அது அளப்பது பச்சையத்தின் ஒளிர்வை; உச்சி வெயிலில் மேல்மட்டப் பாசியின் அந்த ஒளிர்வு மங்கிவிடுவதால் இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். பாசி விளையும்போது ஆக்சிஜன் வெளிவரும் என்பதால், ஆக்சிஜன் சென்சாரை வைத்து, பகலில் ஏறி இரவில் இறங்கும் அளவிலிருந்து உற்பத்தியைக் கணக்கிடலாம். நல்ல முறைதான். ஆனால் வீராணம் ஆழம் குறைந்த, காற்று அள்ளும் ஏரி. நீர்ப்பரப்பு வழியாகக் காற்றோடு நடக்கும் ஆக்சிஜன் பரிமாற்றத்தைக் கழிப்பது லேசான வேலை இல்லை.

பாட்டில் முறையை கார்டரும் கிரானும் 1927-இல் வெளியிட்டார்கள். ஒரே ஆழத்து நீரை மூன்று பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஒன்றை உடனே சோதித்துவிட்டு, வெளிச்சம் புகும் ஒன்றையும் புகாத ஒன்றையும் அதே ஆழத்தில் சில மணி நேரம் தொங்கவிட வேண்டும். வெளிச்ச பாட்டிலின் ஆக்சிஜனிலிருந்து இருட்டு பாட்டிலின் ஆக்சிஜனைக் கழித்தால் மொத்த உற்பத்தி. தொடக்க அளவைக் கழித்தால் நிகர உற்பத்தி, அதாவது சுவாசத்துக்குப் போக மிஞ்சியது. அரை நாள் போகும், படகு வேண்டும், வெயில் காயும். அதெல்லாம் தெரிந்ததே.

என்னை இதன் பக்கம் இழுத்தது வேறு. ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறையில், ஒவ்வொரு முறையும் அளக்கப் பயன்படும் தயோசல்பேட் கரைசலின் வலிமையை, வலிமை தெரிந்த டைக்ரோமேட் கரைசலை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறோம். அதாவது அன்றைய எண்ணுக்கான அளவுகோல் அன்றே புதிதாகச் செய்யப்படுகிறது. சென்சாரில் அப்படி இல்லை. பாசி படியும், அளவு மெல்ல நகரும், கேலிபரேஷன் (அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) ஒரு முறை தவறினால் அந்த இடைவெளியின் எண்கள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. சில ஆண்டில் அந்த மாடல் சந்தையில் இருக்காது. புதியது வந்ததும் வரைபடத்தில் ஒரு படி ஏறினால், ஏறியது ஏரியா, கருவியா? இரண்டையும் கொஞ்ச காலம் சேர்த்து ஓட்டிப் பார்க்காமல் இதற்குப் பதில் கிடைக்காது. ஆனால் பழையது பெரும்பாலும் கெட்ட பிறகுதான் புதியது வாங்கப் பணம் ஒதுக்கப்படுகிறது. பாட்டில் உடைந்தால் வேறு பாட்டில், ஆள் மாறினால் வேறு ஆள், வேதிவினை மாறாது.

நீர்த்தேக்கத்தில் இது இன்னும் முக்கியம். புதிய அணையில் மூழ்கிய மரமும் மண்ணும் ஊட்டச்சத்தை விடுவதால் முதல் சில ஆண்டுகள் பாசியும் மீனும் பெருகும், பிறகு இறங்கும். இரண்டு மூன்று ஆண்டு மட்டும் பார்ப்பவருக்கு அது அழிவாகத் தெரியும். 1934 முதல் இருக்கும் மேட்டூர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அங்கேயும் ஒரு நல்ல ஆண்டையும் வறண்ட ஆண்டையும் பிரித்துப் பார்க்க நீண்ட தொடர் வேண்டும். மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் நீரியல்பையும் மீன் உற்பத்தியையும் பற்றி ஏ. சீனிவாசன் 1966-இல் வெளியிட்டார். அப்படிப்பட்ட பழைய வேலையோடு இன்றைய எண்ணை ஒப்பிட வேண்டுமென்றால், முறை முடிந்தவரை மாறாமல் இருக்க வேண்டும்.

பாட்டிலுக்கும் எல்லை உண்டு. ஆகாயத்தாமரையின் விளைச்சல் இதில் அகப்படாது. உற்பத்தி மிகக் குறைந்த தெளிந்த மலை நீரில் இரண்டு பாட்டிலுக்கும் வித்தியாசமே தெரியாமல் போகலாம். நீலகிரி அணைகளில் யாராவது கேட்டால், நான் பாட்டிலை இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். மேட்டூர் போன்ற ஆழத்திலும் நான் பாட்டில் இறக்கியதில்லை. அங்கே நீர்மட்டம் 120 அடியிலிருந்து வெகுவாக இறங்குவதால், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அன்றைய நீர்மட்டத்தை எழுதியே ஆக வேண்டும் என்பது மட்டும் உறுதி. அப்புறம், ஒவ்வொரு முறையும் நீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு ஒன்றையும் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கலங்கல் கூடியதா, பாசி குறைந்ததா என்று பிறகு பிரித்துப் பார்க்க அது உதவும். சென்டினல் படம் காட்டும் நீர்த்தெளிவைச் சரிபார்க்கவும் அதே அளவு உதவும்.