நாட்டு மாட்டை அளக்க கண் மதிப்பா, போன் படமா, டேப்பா?

வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தையில் பழகிய தரகர் மாட்டை ஒருமுறை சுற்றிவந்து, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து விலையைச் சொல்லிவிடுவார். வாங்க விற்க அது போதும். இனப்பெருக்கத்துக்குப் பொலிகாளையும் தாய்மாடும் தேர்ந்தெடுக்கப் போதாது. 'நல்ல உயரம்' என்று இன்று சொன்னதை நாலு வருஷம் கழித்து அதன் கன்றோடு ஒப்பிட எண் எதுவும் கையில் இருக்காது. சதை போட்ட மாடு கண்ணுக்கு எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். ஆனாலும் கொம்பின் வளைவு, நெற்றி, திமில், அலைதாடி (கழுத்துக்கடியில் தொங்கும் தோல்), நிறம் எல்லாவற்றையும் கண்தான் பார்த்துக் குறிக்க வேண்டும்.

போனில் படம் எடுத்து அளப்பது இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. முட்டும் காளைக்குப் பக்கத்தில் போக வேண்டாம் என்பது பெரிய வசதிதான். ஒப்பிடப் படத்துக்குள் ஓர் அளவுகோலையும் வைப்பார்கள்; தப்பு நடப்பது அதை வைக்கும் இடத்தில். மாட்டின் விலா போனிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் இருக்க, கோலை அதைவிட 30 செ.மீ. போனுக்குக் கிட்டே பிடித்தால் கோல் பெரிதாக விழும், 110 செ.மீ. உயர மாடு 99 என்று கணக்காகும். அதோடு, பக்கவாட்டுப் படம் ஒன்றை வைத்து நெஞ்சுச் சுற்றளவு எடுக்கவே முடியாது. படத்தை அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அளவுக்கு வேண்டாம்.

டேப்பும் அளவுகோலும்தான் எங்கள் தேர்வு. நீளாத டேப்பாக இருக்க வேண்டும்; தையல் டேப் நாளடைவில் இழுபட்டுவிடும், மாதம் ஒருமுறை இரும்பு டேப்போடு வைத்துப் பாருங்கள். காலையில் தீனியும் தண்ணீரும் காட்டும் முன் அளக்க வேண்டும். நாலு காலும் நேராக ஊன்றி, தலை இயல்பான உயரத்தில் இருக்க வேண்டும். ஜவ்வாது மலையில் சமதரை கிடைப்பது கஷ்டம். களம் அல்லது தட்டையான பாறையைத் தேடிப் பிடியுங்கள். சரிவில் நிறுத்தினால் உயரம் பிசகும்.

உயரத்தைத் திமில் உச்சியில் எடுக்காதீர்கள். திமிலுக்குச் சற்றுப் பின்னால் குறுக்குக் கட்டையை இறக்கி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். உடல் நீளம் தோள்முனையிலிருந்து வாலடிப் பக்கத்துப் பிட்டெலும்பு முனை வரை. இதைச் சிலர் கோலால் நேராக எடுப்பார்கள், சிலர் டேப்பை உடம்போடு ஒட்டி எடுப்பார்கள். இரண்டும் ஒரே எண் தராது; ஒரு நோட்டில் கலக்கக் கூடாது. நெஞ்சுச் சுற்றளவுக்கு முன்னங்காலுக்கும் திமிலுக்கும் பின்னால் டேப்பை நேர்குத்தாகச் சுற்றி, தோலை அழுத்தாமல், மூச்சு விடும்போது படியுங்கள். ஒரே ஆள் மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதட்டும்.

சுற்றளவில்தான் அதிகக் கவனம் வேண்டும். உயிர் எடைக்கு ஷேபர் சூத்திரம் சொல்வது: நீளம் × சுற்றளவு × சுற்றளவு ÷ 10,840, எல்லாம் செ.மீ.யில், விடை கிலோவில். நீளம் 120, சுற்றளவு 150 என்றால் 249 கிலோ. சுற்றளவை 153 என்று படித்துவிட்டால் 259. 3 செ.மீ. பிசகுக்குப் பத்து கிலோ போய்விடுகிறது. நம் திமில் மாட்டுக்கு இது அப்படியே பொருந்தாது. முதலில் சில மாடுகளை எடைமேடையில் ஏற்றிச் சரிபார்த்து, வகுக்கும் எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வயசைக் காட்டும் பல் கணக்கு இல்லாத அளவு வீண். கடைப்பல் முளைத்த (முழு வளர்ச்சி வந்த) மாடுகளைத் தனியாக, ரெண்டு பல் நாலு பல்லைத் தனியாக எழுதுங்கள். பக்கத்து ஆந்திராவின் புங்கனூர் குட்டை இன மாடு, வளர்ந்தும் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில்தான் நிற்கும். உயரத்தை மட்டும் பார்த்தால் பல் போடாத வேறு இனக் கன்றைக்கூடப் புங்கனூர் என்று கட்டிவிடலாம்.

எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். எருது விடும் விழாக் காளைகள் ஓட்டத்துக்காகப் பொறுக்கி எடுத்தவை. சந்தை மாடுகளோ ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தும் வருபவை. இரண்டையும் வைத்து ஊர் மாட்டின் சராசரியைச் சொன்னால் அது ஊர் மாடாக இருக்காது. ஊர் ஊராகக் கட்டுத்தறிக்கே போங்கள். ஜவ்வாது மலை இன்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. மாவட்ட எல்லையை வைத்துப் பிரிக்காமல் மலை, அடிவாரம், சமவெளி என்று பிரியுங்கள்.

காளைத் தேர்வில் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு, பட்டியலில் பெரியதைப் பிடிப்பது. மலை மாட்டில் வருஷா வருஷம் உயரமான காளையையே விட்டால், சரிவேறும் குட்டைக் கட்டும் லேசான உடம்பும் மறைந்துபோகும். சராசரியை ஒட்டிய, கால் குளம்பு திடமான, தாயின் கறவையும் ஈற்றும் தெரிந்த காளையை எடுங்கள். அதன் அப்பன் எது என்பதை டேப் சொல்லாது. ஜெர்சி ரத்தம் கலந்திருக்கிறதா என்பதும் அளவில் தெளிவாகப் பிரியாது; அந்தச் சந்தேகம் வந்தால் மரபணுச் சோதனைதான் வழி. அதனால் நோட்டில் அளவுக்கு முன்னால் தாய், தகப்பன் கட்டத்தை நிரப்புங்கள், தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள்.